இரண்டாம் எண் துப்பாக்கிக்கு வைத்த சந்தனம்

ஆயுத பூஜை விடுமுறை முடிந்த முதல் வேலைநாளில் இரண்டாம் எண் துப்பாக்கி நின்றுபோனது புகைக்கரியாலா, சந்தனத்தாலா? ஐந்து வருடமாக இந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது. அதைத் திறந்ததும் லென்ஸ் வைத்து உள்ளே பார்த்தவர்கள் இரண்டே பேர். அவர்களில் ஒருத்தி நான். எனக்கே தெரியவில்லை.

வேலை பார்த்த நாட்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அறுபதை நெருங்கியவர்களாக இருப்பார்கள். எனக்கு இப்போதுதான் முப்பத்தொன்று முடிகிறது. இரண்டாவது குழந்தை பிறந்ததும் வேலையை ராஜினாமா செய்துவிட்டேன். என் நாற்காலியில் இப்போது உட்காரும் பெண் போன மாதம் உத்திரமேரூரில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். இனிமேல் பதிவேடு கிடையாதாம், அச்சடித்த படிவம் வரப்போகிறதாம். பழைய பதிவேடுகளைக் கட்டி வைக்கும்போது ஒரு பக்கம் அவள் கண்ணில் பட்டிருக்கிறது. "அக்கா, மத்த எல்லாப் பக்கத்துலயும் காரணம் எழுதிக் கீது. அந்த ஒரு வரிக்கு மட்டும் காலியா கீதே, இன்னா ஆச்சு?" என்று கேட்டாள். காப்பி ஆறிப்போகும்வரை நான் வேறு ஏதேதோ பேசிக்கொண்டிருந்தேன். அவளிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

எங்களுடையது மானாம்பதிக்கு அப்பால், பாறைக் குன்றின் அடியில் இருந்த ஒரு சின்ன அரசு நிலையம். புதிதாக உருவாக்கும் துப்பாக்கிகளைச் சுட்டுப் பார்த்து, எத்தனையாவது தோட்டாவில் எது பழுதாகிறது என்று எழுதி அனுப்புவதுதான் வேலை. நான் சொல்லப்போகும் துப்பாக்கி ரகம் இப்போது வழக்கில் இல்லை. இருந்தாலும் அதன் பெயரையோ நிலையத்தின் பெயரையோ எழுத மாட்டேன். ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் படித்தேன். நிலையத்தில் ஆறு மாதம் பயிற்சி. பயிற்சி என்றால் தரையில் சிதறிய காலித் தோட்டாக்களைப் பொறுக்கி எண்ணுவது, பிறகு இன்னொருவர் எண்ணியதைச் சரிபார்ப்பது. அதன்பின் பதிவேட்டை என்னிடம் கொடுத்தார்கள். அன்றிலிருந்து அங்கே எல்லோருக்கும் நான் ரிஜிஸ்டரம்மா.

பதிவேட்டை எப்படி எழுத வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவர் எங்கள் மேலதிகாரி வரதராஜுலு சார். இருபது வருடம் ராணுவத்தில் ஆயுதம் பழுது பார்த்துவிட்டு வந்தவர். குரலை உயர்த்த மாட்டார். சுடும்போது துப்பாக்கி நின்றுவிட்டால் "கை எடு" என்பார். எல்லோரும் கையை எடுத்துவிட வேண்டும். துப்பாக்கியின் வாய் இலக்குப் பக்கமே இருக்க, அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு முழு நிமிடம் நிற்பார். உள்ளே இருக்கும் தோட்டா தாமதமாக வெடிக்கலாம். அந்த ஒரு நிமிடத்தில் யாரும் பேசக் கூடாது, அவர் மூக்குப்பொடி போடுவதைக்கூட நிறுத்தி வைப்பார். நிமிடம் முடிந்ததும் தோட்டா அடைத்த பெட்டியைக் கழற்றுவார். பிறகு திறப்பார். உள்ளே லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு லென்ஸை என்னிடம் கொடுப்பார்.

பதிவேட்டில் இரண்டு பத்திகள். 'கண்டது' என்ற பத்தியை மையால் எழுத வேண்டும். 'காரணம்' என்ற பத்தியைப் பென்சிலால் எழுத வேண்டும். "கண்ணால பாத்தது மாறாதும்மா. காரணம் மாறும். ராத்திரி தூங்கி எழுந்தப்புறமும் அதே காரணம்தான்னு தோணிச்சின்னா மை போடலாம்" என்பார். மறுநாள் காலை அவரே பென்சில் எழுத்தின் மேல் பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போடுவார். நான் இருந்தவரை அவர் ஒருநாளும் அன்றே மை போட்டதில்லை.

அந்த வருடம் எங்களிடம் வந்த கேள்வி இது. தோட்டா வெடிக்கும்போது உண்டாகும் வாயுவில் ஒரு சிறு பங்கை எடுத்து, அந்த வேகத்தாலேயே காலித் தோட்டாவை வெளியே தள்ளி அடுத்ததை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி அது. அந்த ரகத்தில் வாயு ஒரு மெல்லிய குழாய் வழியாக நேரே உள் இயந்திரத்துக்கே வந்துவிடும். எடை குறைவு, பாகமும் குறைவு. ஆனால் வாயுவோடு கரியும் உள்ளே வரும். பம்ப் ஸ்டவ்வின் கண்ணில் கரி அடைத்துப் பின் போட்டுக் குத்தியவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. இன்னொரு வழி, குழாய்க்குப் பதில் சைக்கிள் பம்பில் இருப்பது போன்ற ஒரு தண்டை வைப்பது. வாயு தண்டைத் தள்ளும், தண்டு இயந்திரத்தைத் தள்ளும், கரி முன்னாலேயே தங்கிவிடும். ஆனால் எடை கூடும், வரைபடங்களை எல்லாம் புதிதாகப் போட வேண்டும், வருடக்கணக்கில் தள்ளிப்போகும்.

தலைமை அலுவலகத்துக்குத் தண்டு வேண்டாம். வரதராஜுலு சாருக்கு வேண்டும். "மழையில, சேத்துல படுத்துக் கெடந்து சுடறவன் கையில இத்தக் கொடுத்துட்டு நாம இங்க நெழல்ல உக்காந்துக்கினு கீறோம்" என்று ஒருமுறை சொன்னார். கடைசியில் இரண்டு முறையையும் சுட்டுப் பார்ப்பதென்று முடிவானது. நான்கு துப்பாக்கிகள் வந்தன. ஒன்றும் இரண்டும் பழைய குழாய் முறை. மூன்றும் நான்கும் தண்டு பொருத்தி மாற்றியவை. நான்கையும் துடைக்காமல், எண்ணெய் விடாமல் தொடர்ந்து சுட வேண்டும். எது எத்தனை முறை நிற்கிறது என்பதை வைத்து மாற்றுவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். தினமும் சுட்டு முடித்ததும் நான்கையும் தனி அலமாரியில் வைத்துப் பூட்டி, அரக்கு முத்திரை இட வேண்டும். சாவியும் முத்திரைக் கட்டையும் என் பொறுப்பு. வேறு யார் கையிலும் கொடுக்கக் கூடாது என்பது எழுதி வைத்த விதி.

சுடுகிறவர் ஏகாம்பரம். மாகறலிலிருந்து சைக்கிளில் வருவார். நாற்பதைத் தாண்டியவர், நல்ல ஃபிட்டர், ஆனால் பதினோரு வருடமாகத் தினக்கூலி. நிரந்தரமாக்கும் கோப்பு அப்போதுதான் நகர ஆரம்பித்திருந்தது. என்னைப் பார்த்ததும் முதல் கேள்வி குழந்தையைப் பற்றித்தான். "இன்னா ரிஜிஸ்டரம்மா, கொயந்த பல்லு மொளச்சிச்சா? உன்ன கடிக்குதா?" என்பார். நான் முறைத்தால், "சார் கிட்ட சொல்லி அதையும் நோட்ல எயுதிக்கோ. கண்டது, பல்லு. காரணம், பசி" என்று சிரிப்பார்.

குழந்தைக்கு அப்போது எட்டு மாதம். பகலில் என் நாத்தனார் பார்த்துக்கொண்டாள். நான் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சிவப்பு சோப்பு போட்டு முழங்கைவரை மூன்று முறை கழுவிவிட்டுத்தான் பால் கொடுப்பேன். அப்படியும் விரலை முகர்ந்தால் வெடிமருந்து நெடி வரும். அது பாலில் கலக்குமா, குழந்தைக்கு ஆகுமா ஆகாதா என்று யாரிடம் கேட்பது என்றும் தெரியாது.

ஆயுத பூஜைக்கு முதல்நாள் குழந்தைக்கு நல்ல காய்ச்சல். நாத்தனார் ஆள் அனுப்பியிருந்தாள். வரதராஜுலு சார் அன்று காஞ்சிபுரம் போயிருந்தார். காலையில் சுட வேண்டியதைச் சுட்டு முடித்துவிட்டோம். மறுநாள் விடுமுறை என்பதால் நிலையத்தில் அன்று பிற்பகலே பூஜை, மற்றவர்கள் அதற்காகத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். துப்பாக்கிகள் சூடு ஆறவில்லை, ஆறின பிறகுதான் பூட்ட முடியும். பன்னிரண்டு மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது மூன்றரைக்கு. நான் சாவியையும் முத்திரைக் கட்டையையும் ஏகாம்பரத்தின் கையில் கொடுத்தேன்.

"அண்ணே, ஆறினதும் நீங்களே பூட்டி அரக்கு வெச்சிடுங்க. யாருக்கும் தெரிய வேணாம்."

"நீ போம்மா. கொயந்தயப் பாரு. நான் கீறேன்ல."

டாக்டரிடம் பல் முளைக்கும் காய்ச்சல் என்று நான்தான் சொன்னேன். அவரும் அதற்கே மருந்து கொடுத்தார். பூஜை விடுமுறை இரண்டு நாளும் காய்ச்சல் விடவில்லை. மூன்றாம் நாள் விடியும்போது தலையணையில் மஞ்சளாகச் சீழ். காதில்தான் கோளாறு. "நீங்க பல்லுன்னு சொன்னீங்களேம்மா" என்றார் டாக்டர். குழந்தையை நாத்தனாரிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போனேன்.

அன்று அலமாரியில் முத்திரை சரியாக இருந்தது. ஏகாம்பரம் சாவியையும் கட்டையையும் சார் வருவதற்கு முன்பே என்னிடம் கொடுத்துவிட்டார். முதலாம் எண் வழக்கம்போல நடுவில் இரண்டு தடவை நின்று, தட்டியதும் மறுபடி ஓடியது. அடுத்தது இரண்டாம் எண். ஐம்பது, அறுபது தோட்டாக்கள் போனதும் சூடேறிய இரும்பிலிருந்து வெடிமருந்து நெடியோடு இன்னொரு வாசனை வந்தது. கோயில் பிரகாரத்தில் வருவது. நான் ஏகாம்பரத்தைப் பார்த்தேன். அவர் இலக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். சாருக்கு மூக்குப்பொடிப் பழக்கத்தால் வாசனை அவ்வளவாகத் தெரியாது.

சற்று நேரத்தில் துப்பாக்கி நின்றது.

"கை எடு."

அந்த ஒரு நிமிடம் போல நீளமான நிமிடத்தை நான் பிரசவத்தின்போதுகூடப் பார்த்ததில்லை. நிமிடம் முடிந்தது. தட்டிப் பார்த்தார், அசையவில்லை. இரண்டு பேர் சேர்ந்து இழுத்துத்தான் திறக்க முடிந்தது. தட்டியும் சரியாகாத அளவு நின்றுவிட்டால் அந்தத் துப்பாக்கியின் சோதனை அத்தோடு முடிந்தது என்பது விதி. பழைய முறைக்கு எதிராக அதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

சார் லென்ஸ் வைத்துப் பார்த்தார். "கரி. கட்டியாப் பிடிச்சிருக்கு" என்றார். லென்ஸை என்னிடம் கொடுத்தார்.

கரிதான். ஆனால் கரிக்கு அடியில், நகக்கண் அளவுக்கு, மங்கலாக மஞ்சள்.

"நீ என்ன பாக்கற?"

"கரி சார். அடியில கொஞ்சம் மஞ்சளா தெரியுது."

அவர் மறுபடி பார்த்தார். "தோட்டாவோட பித்தளை ஒரசியிருக்கும்."

அதுவும் நடக்கக் கூடியதுதான். பலமுறை பார்த்திருக்கிறேன். 'கரிப் படிவு, அடியில் சிறிது மஞ்சள்' என்று மையால் எழுதினேன். காரணம் என்ற இடத்தில் 'புகைக்கரி அடைப்பு' என்று சார் சொல்லப் பென்சிலால் எழுதினேன். சோதனை முடிந்த துப்பாக்கியைக் கழுவி வைப்பது வழக்கம். ஏகாம்பரம் அதை எடுத்துக்கொண்டுபோய் மண்ணெண்ணெயில் கழுவினார். வழக்கத்தைவிட வேகமாகக் கழுவினாரா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. அப்படித் தோன்றியது.

சாப்பாட்டு நேரத்தில் தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் என்னிடம் வந்தார்.

"ரிஜிஸ்டரம்மா, ஒரு தப்பு நடந்துபோச்சி."

"சந்தனம் வெச்சீங்களா?"

"வாசன வந்திச்சா?" என்று கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். "எல்லாத் துப்பாக்கியும் வரிசையா வெச்சி பொட்டு வெச்சிக்கினு வரோம். இந்த நாலு மட்டும் அலமாரிக்குள்ள அயுக்கா நிக்கிது. நல்ல நாள்ல வூட்டுப் புள்ளிங்கள்ல நாலு மட்டும் குளிக்காம நின்னா மனசு கேக்குமா? பூட்றதுக்கு முன்ன மேலால ஒரு பொட்டு வெச்சேன்."

"மேல மட்டும்தானே?"

"மூணுக்கு மேலதான். ரெண்டாம் நம்பருக்கு மட்டும்..." அவர் நிறுத்தினார். "அதுதான அடிக்கடி மாட்டிக்கினு நம்மள பேஜார் பண்ணுது. காலித் தோட்டா வந்து வியுற வாய் கீதே, அங்க வெச்சேன். சாமி பாத்துக்கட்டும்னு."

"காலைல தொடைக்கலயாண்ணே?"

"அலமாரிலேர்ந்து எடுக்கும்போதே துணியால மேல தொடச்சேன். உள்ள எப்டிம்மா கை வெக்கிறது? தொடக் கூடாதுன்னு சார் சொல்லிக் கீறாரே."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவர் சிரிக்கவில்லை.

"பொங்கலுக்குள்ள ஆர்டர் வந்துடும்னு சொல்லிக் கீறாங்கம்மா. சொல்லிடாத."

நான் டிரம்மில் தண்ணீர் மொண்டு கை கழுவினேன். அவர் என்ன நினைத்துக்கொண்டு போனாரோ.

அன்று வீட்டில் என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பள்ளிக்கூட ஆசிரியர், எதையும் இரண்டு பக்கமும் வைத்துப் பார்ப்பவர்.

"நீ பேசாம இருந்தா என்ன ஆகும்?"

"கரின்னு மை போட்டுடுவார். தண்டு வெக்கச் சொல்லிடுவாங்க."

"அது உங்க சார் கேட்டதுதானே. அந்த ஆளுக்கும் வேலை நிக்கும். சொன்னா?"

"அந்த நிறுத்தம் கணக்குல வராது. ஒருவேளை மாத்தாமலே விட்டுடுவாங்க. அண்ணனுக்கு வேலை போகலாம்."

"அப்புறம் என்ன யோசனை?"

மடியில் குழந்தை இருந்தது. காதில் பஞ்சு. என் வாயிலிருந்து வந்த ஒரு தவறான காரணத்தால் இரண்டு நாள் தவறான மருந்து குடித்த குழந்தை. அந்தத் துப்பாக்கிக்கும் நாங்கள் காரணம் எழுதித்தான் மருந்து கொடுக்கப்போகிறார்கள். காரணம் தவறானால், உண்மையான கோளாறு எங்கேயோ இருந்துவிட்டுப் பிறகு யாராவது ஒருவன் கையில் போய் வெளிப்படும். "சொல்லணும்னுதான் தோணுது" என்றேன். "சாவிய நீ கொடுத்ததையும் சொல்லுவியா?" என்று கேட்டார். நான் குழந்தையின் காதுப் பஞ்சை மாற்றினேன்.

மறுநாள் காலை சார் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். பதிவேட்டின் அந்தப் பக்கம் அவர் முன்னால் இருந்தது.

"சார், நேத்து அந்த மஞ்சள்..."

"சொல்லு."

"பூஜைக்கு அந்த நாலுக்கும் சந்தனம் வெச்சிருக்காங்க. இரண்டாம் நம்பருக்குக் காலித் தோட்டா விழற வாய்க்குள்ள."

"யாரு?"

"ஏகாம்பரம்."

அவர் பொடி டப்பாவை எடுத்தார். திறந்தார். போடாமலே மூடினார்.

"எனக்கு இதுக்குத் தண்டு வேணும்மா. பத்து மாசமா எழுதிக்கினு கீறேன். இந்த ஒரு வரி போதும் எனக்கு." விரலை அந்த வரியில் வைத்தார். "நீ சொல்லாம இருந்திருந்தா மை போட்டிருப்பேன். சொல்லிட்ட. தெரிஞ்சும் போட முடியாது."

ரப்பரை எடுத்துப் பென்சில் எழுத்தை அழித்தார். மெதுவாக, காகிதம் கிழியாமல். அந்த இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. அடியில் மட்டும் கையெழுத்துப் போட்டார்.

"முத்திரை சரியா இருந்திச்சா?"

"இருந்தது சார்."

உண்மைதான். யார் இட்ட முத்திரை என்று அவர் கேட்கவில்லை.

"இது பத்தி எழுதறதுக்கு உனக்கு வேற ஏதாவது இருக்காம்மா?"

இந்த வார்த்தைகளை அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். அவருக்குத் தெரிந்திருந்தது என்றே இப்போது நினைக்கிறேன். அப்போதும் நினைத்தேன்.

"இல்ல சார்" என்றேன்.

அவர் பேனாவை மூடினார்.

சார் எழுதி அனுப்பியதன் பேரில் தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் விசாரிக்க வந்தார்கள். நான் பக்கத்து அறையில் தோட்டா எண்ணிக்கையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். சுவர் மேலே வரை இல்லாததால் எல்லாம் கேட்டது. பூட்டியிருந்த அலமாரியை எப்படித் திறந்தாய் என்று ஏகாம்பரத்தைக் கேட்டார்கள்.

"பயைய சாவி ஒண்ணு எங்கிட்ட இருந்திச்சி சார்."

"முத்திரை?"

"கட்ட மேஜ மேல கெடந்திச்சி. எடுத்து வெச்சிட்டேன்."

திறக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பூட்டும் முன்பே, என் சாவி அவர் கையில் இருக்கும்போதே வைத்த பொட்டு அது. நான் எழுந்து அந்த அறைக்குப் போயிருக்கலாம். ஆறு எட்டு வைத்தால் போதும். எண்ணிக்கொண்டிருந்ததில் விட்ட இடத்தை மறந்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினேன்.

விதிப் புத்தகத்தை நான் அன்றே எடுத்துப் பார்த்தேன். பொறுப்பாளரே சாவியைக் கொடுத்திருந்தால் ஏகாம்பரத்துக்கு ஒரு எச்சரிக்கை, எனக்கு ஒரு எச்சரிக்கை. நான் நிரந்தர ஊழியர், வேலை போகாது. கள்ளச்சாவி வைத்திருந்து, முத்திரையையும் தானே இட்டவர் என்றால் தினக்கூலிக்கு மறுநாளே வேலை இல்லை. உண்மையைச் சொன்னால் என் வேலை போய்விடும் என்று அவர் நினைத்துக்கொண்டார். அவருக்கு விதி தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். போகும்போது என் அறை வாசலில் நின்று, "காது எப்டி கீது?" என்று கேட்டார். "பரவால்லண்ணே" என்றேன்.

இரண்டாம் எண்ணைச் சேர்க்காமலே அறிக்கை போனது. முதலாம் எண் ஒன்றே அதற்குள் போதுமான தடவை நின்றிருந்தது. தண்டு முறைக்கு மாற்றுவதென்றே முடிவாகிக் கடிதம் வந்தது. அதை வரதராஜுலு சார் என்னிடம் படிக்கக் கொடுத்தார். இரண்டு முறை படித்தேன். நான் சொன்னதாலும் சொல்லாததாலும் அந்தத் துப்பாக்கியில் ஒரு திருகுகூட மாறவில்லை. மாறியது ஏகாம்பரத்தின் பிழைப்பு மட்டும்.

போன வருடம் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். மாகறலில் ஒரு சைக்கிள் கடையில் வேலை செய்கிறாராம். என் மூத்தவள் என் கையைப் பிடித்திருந்தாள்.

"இதுவாம்மா அன்னிக்கி காது வலின்னு அயுத கொயந்த? பெர்சாயிடுச்சே."

"அண்ணே, அந்தச் சாவி விஷயம்..."

"அத்த விடும்மா. கைக்கொயந்தக்காரி. உன் வேலையும் போயிருந்தா இன்னா லாபம்?"

என் வேலை போயிருக்காது என்று சொல்ல வாய் எடுத்தேன். பஸ் வந்துவிட்டது என்று எழுதலாம். பஸ் வரவில்லை. நான்தான் சொல்லவில்லை.

இதைப் படிக்கிறவர்களில் அரசு அலுவலக நடைமுறை தெரிந்தவர்கள் இருப்பீர்கள். உங்களிடம் கேட்கிறேன். நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்திட்டு வைத்திருக்கிறேன். வேலையை விட்ட ஒருத்தி இத்தனை வருடம் கழித்துக் கொடுக்கும் கடிதத்தை வாங்கிக்கொள்வார்களா? அதனால் ஏகாம்பரத்தின் பெயரிலிருந்து கள்ளச்சாவி என்ற சொல்லாவது நீங்குமா? அடுத்த வருடம் ஓய்வு பெறப்போகிற வரதராஜுலு சாரை அது தொடுமா? என் கணவர் வேண்டாம் என்கிறார். ஏகாம்பரத்தைக் கேட்டால் அவரும் வேண்டாம் என்றுதான் சொல்வார். ஆனால் அவர் எதற்காக வேண்டாம் என்கிறாரோ அதுவே ஒரு தவறான கணக்கு என்பதை அவரிடம் சொல்லாமல், அவர் சம்மதத்தை நான் எப்படிச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது? அந்தக் கடிதத்தோடு நான் முதலில் போக வேண்டியது அலுவலகத்துக்கா, மாகறலுக்கா? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.